நின்னாங்க, நின்னுச்சு
(கடலூர் வாசகர் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, உடம்பு முடியாதபோதும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் தமிழம்மா அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து மைக் கட்டியது வரை பார்த்துக்கொண்ட நூலகப் பணியாளர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பேய்க்கதையில் பயம் எங்கிருந்து வருகிறது? சொல், ஓசை, மௌனம் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பார்கள். நல்ல கதைசொல்லி முதலில் நம்மை அரள வைக்கிறார். இருட்டை அப்புறம்தான் காட்டுகிறார்.

2011 டிசம்பர் 30 விடியலில் இங்கே அடித்த 'தானே' புயலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்குப் பல நாள் கரண்ட் இல்லை. வாசலில் முருங்கை மரம் விழுந்து கிடந்தது. மெழுகுவர்த்தியும் தீர்ந்து, சிம்னி விளக்கை ஏற்றினோம். பெரிய அத்தை பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்.

"நடுச்சாமம். தண்ணி மொள்ளப் போனேன். கெணத்தடியில யாரோ நின்னாங்க. பக்கத்து வீட்டு அக்காதான்னு, என்னக்கா தூங்கலயான்னு கேட்டேன். பதில் இல்ல. வாளிய எறக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன். அங்கயேதான் நின்னுச்சு."

என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தவள் விடவே இல்லை. கதையில் பேய் என்ற சொல்லே கிடையாது. பல் இல்லை, ரத்தம் இல்லை. 'நின்னாங்க', 'நின்னுச்சு' ஆனது, அவ்வளவுதான். ஒரு விகுதியை மாற்றி ஆளை அஃறிணையாக்கிவிட்டார், பள்ளிக்கூடமே போகாத என் அத்தை! அந்த 'யாரோ'வையும் பாருங்கள். அதிலுள்ள ஓகாரம் சந்தேகத்தைக் கடைசி வரை மூட விடாது.

புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது நம் திருப்பாதிரிப்புலியூரில். அவருடைய 'காஞ்சனை' சிறுகதையில் கதையைச் சொல்பவனே ஓர் எழுத்தாளன். வேலைக்கு வந்த பெண் யார், அவன் கண்டது நிஜமா என்பது தீரவே தீராது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், இங்கே நமக்கு இருப்பதே அரண்டவன் கண் ஒன்றுதான். வேறு யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால் என் அத்தை கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் போய்விட்டார். "திரும்பிப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்பது எனக்கே இப்போது சரியாக நினைவில்லை. தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் இன்னும் எத்தனை ஆத்தாக்கள் இருக்கிறார்கள்! நூலகத்தில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும், நாங்கள் பதிவு செய்கிறோம். தலைவர் ஐயா மனசு வைத்தால் இது நடக்கும்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது, உங்கள் வீட்டில் கதை தெரிந்தவர் யார் என்றும் பக்கத்திலேயே எழுதிவிட்டுப் போங்கள்.