வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் பாதிப் பேர் 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள், மற்றவர்கள் அடுப்படியில் நிற்பீர்கள். ஆகவே பேனாவை எடுங்கள் என்று இப்போது சொல்லப்போவதில்லை. கடைசியில் சில நாட்கணக்குகள் வரும், அப்போது எடுத்தால் போதும்.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் அரச பாடசாலைகளில் ஒரு பிள்ளையைக் ‘கிஃப்டட்’, அதாவது மிகுந்த அறிவுத்திறன் உள்ள பிள்ளை, என்று அடையாளம் காணச் செய்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. இந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலருக்கு நினைவு வருவது இலங்கையின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. வெட்டுப்புள்ளி, பழைய வினாத்தாள், விடியற்காலை ரியூசன், பாஸானால் சைக்கிள். அந்தப் படத்தைத் தயவுசெய்து தலையிலிருந்து இறக்கி வையுங்கள். இங்கே இது பரிசு கொடுக்கும் விஷயமே இல்லை. 1980இல் நிறைவேறிய 82ஆம் சட்டமூலம் வந்த பிறகு, விசேட கல்வி தேவைப்படும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பது கல்விச்சபைகளின் கடமையானது. அந்த விசேட கல்விக்குள்ளேதான் கிஃப்டட்டும் இருக்கிறது. காது கேளாத பிள்ளைக்கும், வாசிக்கத் திணறும் பிள்ளைக்கும் எந்த நடைமுறையோ, அதே நடைமுறைதான் இதற்கும்.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. 1905இல் பாரிஸில் அல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் நுண்ணறிவுச் சோதனையை முதலில் உருவாக்கியதே, வகுப்பில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். முதலிடம் யாருக்கு என்று பார்க்க அல்ல.

சரி, நடைமுறை என்ன? பெற்றோர் சந்திப்பில் ஆசிரியரிடம், “என் பிள்ளைக்கு வகுப்பு அலுப்படிக்கிறதாம், சோதித்துப் பார்ப்பீர்களா?” என்று கேட்கிறோம். அவர் சிரித்துக்கொண்டு, “பிள்ளை நன்றாகத்தானே செய்கிறது” என்கிறார். அத்தோடு ஒரு வருடம் போய்விடும். ஆசிரியரில் பிழையில்லை. வாயால் கேட்டதற்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை, அவ்வளவுதான். 181/98 என்று ஒரு ஒழுங்குவிதி இருக்கிறது. பெற்றோர் எழுத்தில் கேட்டால், பிள்ளையின் விஷயத்தை ஐ.பி.ஆர்.சி. என்ற குழுவுக்கு அதிபர் அனுப்பியே ஆகவேண்டும் என்கிறது அது. பிள்ளையை அடையாளம் காண்பது, எந்த வகுப்பில் இருத்துவது என்று முடிவெடுப்பது, பின்னர் மீளாய்வு செய்வது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள், கிடைத்தது என்ற பதிலும், கூட்டம் ஏறக்குறைய எப்போது என்பதும், பெற்றோருக்கான வழிகாட்டிப் புத்தகமும் உங்களுக்கு வரவேண்டும்.

கடிதம் ஐந்து வரி போதும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, வகுப்பு, “181/98இன் கீழ் என் பிள்ளையை ஐ.பி.ஆர்.சி.க்கு அனுப்பும்படி கேட்கிறேன்” என்ற வசனம், அன்றைய திகதி. மின்னஞ்சலும் எழுத்துதான். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். “சோதியுங்கள்” என்று மட்டும் எழுதினால் பிள்ளை ஒரு காத்திருப்போர் பட்டியலில் போய் உட்காரும். “குழுவுக்கு அனுப்புங்கள்” என்று மட்டும் எழுதினால், கையில் எந்த மதிப்பீடும் இல்லாமல் குழு கூடி, ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். ஆகவே இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

இனிச் சோதனை. பல கல்விச்சபைகள் மூன்றாம் வகுப்பில் அல்லது நான்காம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பொதுச் சோதனை வைக்கின்றன. பெரும்பாலும் அது சி.சி.ஏ.ரி. என்ற சிந்தனைத் திறன் சோதனை. மொழி, எண், உருவம் என்று மூன்று பிரிவு. பிரிவுக்கு மூன்றாக ஒன்பது சிறு பகுதிகள், இந்த வகுப்புகளில் ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். உருவப் பிரிவில் ஒரு பகுதி: காகிதத்தை இரண்டாக மடி, இன்னொரு முறை மடி, ஒரு துளை போடு, விரித்தால் எத்தனை துளை, எங்கெங்கே? வீட்டில் ஒரு தாளையும் துளைபோடும் கருவியையும் கொடுத்துவிடுங்கள், பிள்ளை தானே விளையாடிக் கண்டுபிடிக்கும். அந்தளவு பழக்கம் போதும். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆகவே தெரியாததை வெறுமையாக விடாமல் ஊகித்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். “தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இரு” என்று வளர்த்த பிள்ளைகள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

பிறகு வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அதில் ‘பெர்சென்டைல் 98’ என்று இருக்கும். நம்மவர் கேட்கும் முதல் கேள்வி: “மற்ற இரண்டு மார்க்ஸ் எங்கே போனது?”

கொஞ்சம் பொறுங்கள். இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். பெர்சென்டைல் என்பது நூற்றுக்கு எத்தனை சரி என்ற கணக்கு அல்ல. உங்கள் பிள்ளையின் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், உங்கள் பிள்ளைக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற கணக்கு. 98 என்றால் ஏறக்குறைய 98 பேர் பின்னால். பிள்ளை பல கேள்விகளைப் பிழைவிட்டும் 98இல் நிற்கலாம். அதேபோல் 84 என்று வந்தால், “84 எடுத்தவனை ஏன் விட்டார்கள்?” என்று சண்டைக்குப் போகாதீர்கள். சராசரி 100 என்ற அளவில் அது 115. பல கல்விச்சபைகள் எதிர்பார்க்கும் 98 என்பது அந்த அளவில் 130 அளவில் வரும். மார்க்ஸ் அல்ல, வரிசையில் நிற்கும் இடம்.

வரிசை என்றேன். யாரோடு நிற்கிறது என்பதும் முக்கியம். உளவியலாளர் ஒரு பிள்ளைக்குத் தனியாக வைக்கும் விஸ்க் என்ற நுண்ணறிவுச் சோதனையில் ஒப்பிடும் வயது நான்கு மாதத்துக்கு ஒரு படியாக மாறுகிறது. இப்போது 03/07 என்ற பிறந்த திகதியை நினைத்துப் பாருங்கள். ஊர் வழக்கில் அது யூலை 3. இங்கே யாராவது மாதத்தை முதலில் வாசித்தால் மார்ச் 7. பிள்ளைக்கு ஏறக்குறைய நான்கு மாதம் வயது கூடிவிடும், தன்னைவிட மூத்தவர்களோடு ஒப்பிடப்படும், புள்ளி இறங்கும். அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது பிறந்த திகதி. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள்.

விஸ்க்கில் மொழிப் பகுதி வாயால் சொல்வது. வாழைப்பழமும் மாம்பழமும் எப்படி ஒத்தவை என்பது போன்ற கேள்வி என்று வையுங்கள் (இது நான் உதாரணத்துக்குச் சொல்வது). “இரண்டும் மஞ்சள்” என்பதைவிட “இரண்டும் பழம்” என்பதற்குக் கூடப் புள்ளி. வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளை இங்கே பின்னால் நிற்கலாம், உருவப் பகுதியில் மிக முன்னால் நிற்கலாம். மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இது மறைந்துவிடும். வீட்டில் என்ன மொழி, எத்தனை வயதில் ஆங்கிலம் தொடங்கியது என்று உளவியலாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நினைவாற்றலையும் வேகத்தையும் ஒதுக்கிவிட்டு, சிந்திக்கும் திறனை மட்டும் பார்க்கும் ஜி.ஏ.ஐ. என்ற ஒரு எண்ணும் உண்டு. மெதுவாக எழுதும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அது உதவும். உங்கள் கல்விச்சபை எந்த எண்ணைப் பார்க்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாரிடம் பணம் கொடுத்தும் செய்யலாம். ஆனால் கல்விச்சபை அதை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். அதே சோதனையை ஓரிரு வருடங்களுக்குள் திரும்ப வைத்தால் அந்த முடிவை நம்பமுடியாது, ஆகவே வெளியே செய்ததை மறைக்கவேண்டாம். விஸ்க்குக்கு ரியூசன் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நேரம் போய்விட்டது, கை காட்டுகிறார்கள். கூட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். பேனாவை எடுங்கள், விரைவாகச் சொல்கிறேன். கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்தல் வரவேண்டும். குழுவில் மூவராவது இருப்பார்கள். நீங்கள் போகலாம், உங்களுக்காகப் பேச ஒருவரையும் கூட்டிப்போகலாம். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் அறிவித்தல் வந்த அன்றே கேளுங்கள், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். அன்றைக்கே கையொப்பம் இடவேண்டிய கட்டாயம் இல்லை. முடிவில் உடன்பாடு இல்லையென்றால், அது கிடைத்து 15 நாட்களுக்குள் மறுசந்திப்புக் கேட்கலாம், அல்லது 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். மறுசந்திப்புக்குப் பிறகு மேன்முறையீட்டுக்கு 15 நாள்தான். ஒன்றும் செய்யாமல் 30 நாள் விட்டால், உங்கள் சம்மதம் இல்லாமலே முடிவை நடைமுறைப்படுத்தலாம். இந்த 15 நாளும் 30 நாளும் முடிவு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும். அந்தத் திகதியைக் கடித உறையின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள், மாதத்தை எழுத்தில். வணக்கம்.