பயாப்ஸி நார்மல் என்றால்…

வணக்கம் நேயர்களே. இரைப்பையில் கட்டி என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு மகன் மட்டும் உள்ளே வருவார். "டாக்டர், அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க." எதைச் சொல்லக் கூடாது? எனக்கே இன்னும் தெரியாதே, ஐயா!

அப்படி வந்த ஒரு அம்மா. படியேறினால் மூச்சு வாங்குகிறது, மலம் கன்னங்கரேலென்று போகிறது. உள்ளே ரத்தம் கசிந்தால் இப்படிப் போகும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகத்தான் போகும், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இவர் சாப்பிடவில்லை. எண்டோஸ்கோப்பியில் வழவழப்பான ஒரு மேடு, உச்சியில் சின்னப் புண். சதை எடுத்து அனுப்பியதில் 'நார்மல்' என்று வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

ஏனென்றால் அந்த இடுக்கி கிள்ளுவது மேலாக இருக்கும் உள்சவ்வை. கட்டி உட்கார்ந்திருப்பதோ அதற்கு அடியில், தசைச் சுவரில். மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று விரிப்பைக் கிள்ளிப் பார்த்தால் தெரியுமா? திரும்பவும் சொல்கிறேன்: மேடு கண்ணுக்குத் தெரிகிறது, பயாப்ஸி நார்மல் என்றால், இடுக்கிக்குக் கட்டி எட்டவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம்.

எண்டோஸ்கோப்பி நுனியிலேயே அல்ட்ராசவுண்டு பொருத்திய கருவி இருக்கிறது. கட்டி எந்த அடுக்கிலிருந்து கிளம்புகிறது என்று காட்டும். அதன் வழியே ஊசி விட்டுக் கட்டியிலிருந்தே திசு எடுக்கலாம். எடுத்தோம். திசுவில் எந்தப் புரதம் இருக்கிறதென்று சாயம் ஏற்றிப் பார்க்கும் பரிசோதனையில் எஸ்-100 என்ற புரதம் சாயம் பிடித்தது, சிடி-117 என்ற புரதம் பிடிக்கவில்லை. நரம்பு உறையில் வளரும் ஷ்வானோமா. சாதுவான கட்டி, அபூர்வமும்கூட. சிடி-117 பிடித்திருந்தால் பெரும்பாலும் ஜிஸ்ட், அதாவது இரைப்பை, குடல் சுவரில் வளரும் இன்னொரு வகைக் கட்டி. அதைச் சாது என்று நம்பிவிட முடியாது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஜப்பானில் ஹிரோட்டா குழுவினர் 1998இல் ஜிஸ்டில், சிடி-117ஐ உருவாக்கும் கிட் மரபணுவின் கோளாறைக் காட்டிய பிறகுதான் பிரிப்பது எளிதானது. அதற்கு முன்பு பலவற்றையும் தசைக்கட்டி என்றே எழுதி வைத்தார்கள்.

நேரம் முடிகிறதென்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சிகிச்சையைப் போய்க் கடைசிக்கு வைத்திருந்தேனே! சரி, சுருக்கமாக. இதேபோல உள்சவ்வுக்கு அடியில் வரும் கொழுப்புக் கட்டி சி.டி. ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்; தொந்தரவு இல்லையென்றால் கை வைக்க வேண்டாம். இந்த அம்மாவைப் போல ரத்தம் கசிந்தால், லேப்ராஸ்கோப்பியில் கட்டியோடு கொஞ்சம் சுவரையும் சேர்த்து எடுப்போம். ஷ்வானோமாவை முழுசாக எடுத்துவிட்டால் கீமோ கிடையாது. வேறு ஊரில் இன்னொரு டாக்டரிடம் காட்டப் போனால் ரிப்போர்ட் மட்டும் போதாது, லேபில் கேட்டு, திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பயாப்ஸி பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.