ஸ்டேப்ளருக்குள் என்ன நடக்கிறது

நேயர்களுக்கு வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் ஸ்டேஷனரி கடை நடத்துகிறேன். "அண்ணே, ஸ்டேப்ளர் ரோசாக் ஆயிருச்சு, புதுசு கொடுங்க" என்று வருகிறவர்கள் நிறைய. வாங்கித் திறந்து பார்த்தால், பெரும்பாலும் உள்ளே போட்டிருக்கும் ஸ்டேப்ளர் புல்லட்தான் தப்பாக இருக்கும். இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய சாமான் குப்பைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

புல்லட் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிப் பையில் இருக்கும் சின்ன ஸ்டேப்ளருக்கு நம்பர் 10. கெரானி மேசையில் இருக்கும் பெரியதற்கு 24/6 அல்லது 26/6. இதில் முதல் எண் கம்பியின் பருமனைக் குறிக்கிறது. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். அடுத்தது காலின் நீளம், மில்லிமீட்டரில். 24/6 சின்ன ஸ்டேப்ளருக்குள் நுழையவே நுழையாது. நம்பர் 10ஐப் பெரியதில் போட்டால் ஒழுங்காக உட்காராது, சிக்கிக்கொள்ளும்.

மேல்பிடியை அழுத்தும்போது முன்பக்கத்தில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு இறங்குகிறது. புல்லட்டுகள் பசையால் வரிசையாக ஒட்டியிருக்கும். அந்தத் தகடு முதலாவதை மட்டும் பிரித்துத் தாளுக்குள் இறக்கும். கால்கள் தாளைத் துளைத்து, அடித்தட்டில் இருக்கும் இரண்டு பள்ளங்களில் மோதி உள்பக்கமாக மடங்கும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் அடுத்ததை முன்னால் தள்ளிவிடும். 1879இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மெக்கில் காப்புரிமை பெற்ற கருவியில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு கம்பிதான் போட முடியும். அதை நினைத்தால் இந்த ஸ்பிரிங்கின் அருமை புரியும்.

எத்தனை தாள் தாங்கும்? சாதாரண 80 கிராம் தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். 20 தாள் சேர்ந்தால் 2. நம்பர் 10 புல்லட்டின் கால் 5 மில்லிமீட்டர். மீதி 3 மில்லிமீட்டர் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். 40 தாளை வைத்து அழுத்தினால் மடங்குவதற்கு மிச்சம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அப்போதுதான் பலர் குத்து குத்தென்று குத்துகிறார்கள். கம்பி உள்ளேயே வளைந்து வாயை அடைத்துவிடும். பெரிய கட்டுக்கு 23/13 போடும் கனமான ஸ்டேப்ளர் தனியாக இருக்கிறது, தயவுசெய்து அதைத் தேடுங்கள்.

புல்லட் போடுவது சுலபம். மேல்மூடியைத் தூக்குங்கள், தள்ளுகட்டை தானாகப் பின்னால் போகும். வரிசையைக் கால் கீழே பார்க்கும்படி வைத்து, மெதுவாக மூடுங்கள். சிக்கியிருந்தால் மூடியைத் திறந்து, வளைந்த கம்பியைச் சின்ன இடுக்கியால் எடுங்கள். விரல் நகத்தால் நோண்டாதீர்கள், ஸ்டேப்ளரின் வாயை முகத்துக்கு நேராகப் பிடிக்கவும் வேண்டாம். இதைப் பிள்ளைகளுக்கு நீங்களே ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

அப்புறம், குத்திய தாள் சும்மா இழுத்தாலே கழன்று வருகிறதா? அடித்தட்டைப் பாருங்கள். பெரிய ஸ்டேப்ளர்கள் பலவற்றில் அது திரும்பும். தற்காலிகமாகக் குத்துவதற்காக, கால்களை வெளிப்பக்கம் மடக்கும் இன்னொரு ஜோடிப் பள்ளம் அதில் உண்டு. தட்டைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.