நடுவழியும் கோபமும்

நேயர்களுக்கு வணக்கம்.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் வாழ்ந்த யூத அறிஞர் மோசே பென் மைமோன். மைமோனிடிஸ் என்ற பெயரில் உலகம் அவரை அறியும். ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்தவர், தொழில் மருத்துவம், 1204இல் மறைந்தார்.

பழைய யூத ஞானிகளின் நீதிமொழிகளுக்கு உரை எழுதிய அவர், அதற்கு முன்னுரையாக 'எட்டு அத்தியாயங்கள்' என்ற சிறு நூலைத் தந்தார். மொழி அரபு, எழுத்து எபிரேயம். அதன் நடுநாடியாக ஓடுவது கிரேக்கத் தத்துவவாதி அரிஸ்டாட்டிலின் கருத்து: நற்பண்பு என்பது மிகைக்கும் குறைக்கும் நடுவே இருப்பது. கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவில் ஈகை. கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் வீரம். இது அல்ஃபராபி போன்ற இஸ்லாமியத் தத்துவவாதிகள் வழியாக அவரிடம் வந்தது.

மருத்துவர் அல்லவா, இதைச் சிகிச்சையாகவே மாற்றிவிட்டார். கஞ்சனை ஒரு தடவை கொடுக்கச் சொன்னால் போதாது. ஊதாரி என்று சொல்லும் அளவுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்க வைக்க வேண்டும். கஞ்சத்தனம் கழன்ற பிறகு நடுவழிக்கு இழுத்து வர வேண்டும் என்கிறார்.

இந்தக் கருத்துகள் தன் சொந்தச் சரக்கு அல்ல, யூத ஞானிகளிடமிருந்தும், பழைய, புதிய தத்துவவாதிகளிடமிருந்தும் எடுத்தவை என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். உண்மையை யார் சொன்னாலும் கேட்டுக்கொள் என்பது அவர் கொள்கை. ஆனால் பெயர்களைச் சொல்லவில்லை. பெயரைப் பார்த்ததுமே, உள்ளே ஏதோ கேடு இருக்கிறது என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள் என்பதே காரணம். அந்தக் கவனத்தில் வாசகன் மீது அவருக்கு இருந்த அக்கறையைப் பார்க்கிறேன்.

யூத அறநூல்கள் கிரேக்கத்தின் நகல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பின்னாளில் 'மிஷ்னே தோரா' என்ற பெரும் சட்டநூலைத் தொகுத்தபோதும் நடுவழியையே விதியாக வைத்தார். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே செருக்கு, கோபம் இரண்டிலும் நடுவழி கிடையாது என்கிறார். கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாதவன் மூடன் என்பது அரிஸ்டாட்டிலின் பார்வை. மைமோனிடிஸோ, கோபப்படுபவன் விக்கிரகத்தை வணங்குபவனுக்குச் சமம் என்ற, தல்மூத் எனும் பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பின் ஞானிகளின் பக்கம் நின்றார். நியாயமான இடத்திலும் கோபம் வேண்டாம் என்றார்.

அப்படியானால் பிள்ளைகளை எப்படித் திருத்துவது? அதற்கும் வழி சொல்கிறார்: முகத்தில் கோபத்தைக் காட்டு, மனம் அமைதியாக இருக்கட்டும். வீட்டுத் தகப்பனுக்கும் ஊரை நடத்தும் தலைவனுக்கும் அவர் வைத்தது இதே சட்டம்தான்.

நன்றி, வணக்கம்.