இரண்டகம் என்ற சொல்

நண்பர்களே, 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்காதே' என்று பெரியவர்கள் திட்டிக் கேட்டிருப்பீர்கள். எழுத்தில் அது இரண்டகம். இரண்டு, அகம் என்று பிரிப்பார்கள். அகம் என்றால் உள்ளம். வீடு என்றும் பொருள் உண்டு. ஒரே ஆளுக்குள் இரண்டு உள்ளம். ஒன்று நம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும். மற்றது நாம் எப்போது அசருவோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்று நாம் அதிகம் சொல்வது துரோகம். அது வடமொழியில் 'த்ருஹ்' என்ற வேரிலிருந்து வந்தது. கேடு நினைப்பது, பகைப்பது என்று பொருள். அதற்குத் தூரத்து உறவும் உண்டு. பாரசீக மன்னன் முதலாம் டேரியஸ், பெஹிஸ்தூன் பாறைக் கல்வெட்டில் நாட்டில் 'த்ரௌக' பெருகிவிட்டது என்கிறான். அங்கே அதன் பொருள் பொய்.

காட்டிக்கொடுப்பது இன்னொரு வகை. தமிழ் பைபிளில் யூதாசுக்கு வருவது இந்தச் சொல்தான். முத்தமிட்டு ஆளைக் காட்டினான், பிடிக்க வந்தவர்கள் கையில் கொடுத்தான். இரண்டு வினையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன, பாருங்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜ சோழனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலங்களையும், அவர்கள் உறவினர் நிலங்களையும் பறிமுதல் செய்த கதை அது. கொன்றவர்களை அதில் பகைவர் என்று எழுதவில்லை. 'கொன்று துரோகிகளான' என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். பகைவன் எதிரே நின்று வெட்டுவான். அவனைத் துரோகி என்று எவரும் சொல்வதில்லை. முதலில் உள்ளே விட்டிருக்க வேண்டும், அப்புறம்தான் அந்தப் பெயர்.

உள்ளே விட்டிருந்தார்கள் என்பதற்குத் தடயம் அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. சோமன், அவன் தம்பி ரவிதாசன், அடுத்த தம்பி பரமேசுவரன். ரவிதாசனின் பட்டம் பஞ்சவன் பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது அரசர்கள் தங்கள் பிராமண அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். பரமேசுவரனின் பட்டமோ இருமுடிச்சோழ பிரமாதிராஜன். கூடப் பிறந்தவர்களில் ஒருவனுக்குப் பாண்டியன் பெயரால் பட்டம், இன்னொருவனுக்குச் சோழன் பெயரால்.

அகத்துக்கு வீடு என்றும் பொருள் சொன்னேன் அல்லவா?