கை மட்டும் வரையாத கவுன்

வணக்கம். பலகையில் மாட்டியிருக்கிற பென்சில் ஓவியத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அரசர் எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்துச் சீமாட்டி. வரைந்த மாணவி வந்து, "சார், இன்னும் முடிக்கவே இல்லை, எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முதலில் தலையைப் பாருங்கள். கூரை முகடு மாதிரி நெற்றிக்கு மேல் கூம்பி நிற்கும் அந்தத் தலையணியில் விறைப்பான சட்டம், மேலே மடித்துக் குத்திய பட்டை, பின்னால் விழும் கறுப்புத் துணி, எது எதற்கு அடியில் போகிறது என்பது வரை தெரிகிறது. கீழே வந்தால் கவுனின் கை. அகலமான மேல்கையை மடித்துவிட்ட இடத்தில் உள்பக்க மயிர்த்தோல் தெரிய வேண்டும், அங்கே நாலைந்து கோடு இழுத்ததோடு சரி. அந்தக் காலத்தில் அதற்குள்ளே தெரியும் உள்கை தனித் துண்டு, உடையோடு தைத்தது இல்லை. அது தெரியாதவர் அந்த இடத்தில் ஷேடிங் போட்டு மழுப்பியிருப்பார். இவர் மழுப்பவில்லை, ஒரு துணி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் வெறும் கோட்டிலேயே தெரிகிறது.

ஹென்றியின் அரண்மனை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனும் இப்படித்தான் நிறுத்துவார். வின்ட்சர் கோட்டையில் அவருடைய கோட்டோவியங்கள் சுமார் 80 இருக்கின்றன. பென்சில் அல்ல, சாக் கட்டியும் மையும். முகம் உயிரோடு நம்மைப் பார்க்கும், உடுப்பு பெரும்பாலும் வெறும் கோடு. வில்லியம் பார் என்ற பிரபுவின் படத்தில் உடுப்பின் மேலேயே வெள்ளை வெல்வெட், ஊதா வெல்வெட், வெள்ளை சாட்டின் என்று தன் ஜெர்மன் மொழியில் குறித்து வைத்திருக்கிறார். பிரபு மறுபடி உட்காரக் கிடைப்பாரா, யாருக்குத் தெரியும்? துணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1538இல் பிரஸ்ஸல்ஸில் டென்மார்க் இளவரசி கிறிஸ்டினா படம் வரைய அவருக்கு உட்கார்ந்ததே 3 மணி நேரம்தான். ஹென்றிக்குப் பெண் பார்க்கப் போன வேலை அது. கல்யாணம் நடக்கவில்லை, அன்று வரைந்ததை வைத்துப் பிறகு தீட்டிய ஆளுயரப் படம் மட்டும் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஹோல்பைன் வரைந்த இன்னொன்று உண்டு: இதே தலையணியை முன்னிருந்து ஒன்று, பின்னிருந்து ஒன்று என்று ஒரே தாளில் போட்டிருப்பார். காசு கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னவர் யாராவது முதுகைக் காட்டுவாரா? இன்றைக்கு அந்த உடையைத் திரும்பத் தைத்துப் பார்க்க நினைப்பவருக்கு எண்ணெய்ச்சாயப் படங்களைவிட இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

அதனால் அம்மா, அந்தக் கையைத் தொடாதே. என்ன துணி, என்ன நிறம் என்று ஓரத்தில் எழுதி வை, போதும். ஆனால் இடுப்புச் சங்கிலி காற்றில் நேராகத் தொங்குகிறது. அந்தப் பாவாடை விறைப்பாக முன்னே விரியும் இல்லையா, சங்கிலி அதன் மேல்தான் படிந்து இறங்க வேண்டும். அதை மட்டும் அழித்துத் திரும்பப் போடு.