திரி போட்டு வைத்த விளக்கு

(கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பௌர்ணமிப் போயா விடுமுறை நாளொன்றில் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காலைப் பூசையை முடித்த களைப்போடும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதம குருக்கள் ஐயா அவர்களே, இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்திலிருந்து வந்திருக்கும் உத்தியோகத்தர் அவர்களே, மங்கள விளக்கேற்றிய அறங்காவலர்களே, அன்னதானத்துக்கு அரிசியும் பருப்பும் தந்த செட்டியார் தெரு வணிகப் பெருமக்களே, வெள்ளவத்தையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் பஸ் ஏறி வந்த தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் பணிவான வணக்கம். குருக்கள் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஊரடங்கு நாட்களில் ஆலயக் கதவு பூட்டியிருந்தபோதும் உள்ளே மணிச்சத்தம் நிற்கவில்லை. வீதியில் இருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பது ஐயாவுக்குத் தெரியாது.

திருவருளை நினைந்து ஆயத்தமாக வாழ்வது பற்றிப் பேசச் சொன்னீர்கள். நல்வினை தீவினை இரண்டையும் ஒப்பாக நோக்கும் இருவினையொப்பு, ஆணவ அழுக்கு கழலும் பக்குவம் அடையும் மலபரிபாகம், அருள் பதியும் சத்திநிபாதம் என்று சைவ சித்தாந்தம் மூன்று படிகளைச் சொல்கிறது. இன்று கடைசிப் படியை மட்டும் தொடுவேன். நம் அம்மம்மாமார் சித்தாந்தம் படித்தவர்கள் அல்லர். அவர்கள் சொன்னது ஒன்றுதான்: காற்றுள்ள போதே தூற்றிக்கொள்.

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். காற்றை நாம் உண்டாக்க முடியாது. சுளகோடு களத்தில் நிற்க மட்டும் நம்மால் முடியும். சத்திநிபாதம் என்றால் இறைவனின் சக்தி உயிரில் பதிவது. எங்கோ இருந்து புதிதாக வருவதல்ல அது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்றென்று படித்திருக்கிறோம். அந்த மறைப்பும் அருள்தான்; மறைந்து நின்ற அதே சக்திதான் பக்குவம் வந்ததும் விளங்குகிறது. கண்ணில் பார்வை இருந்தாலும் வெளிச்சம் இல்லாவிட்டால் காணாது. உயிரும் அப்படி.

வெளிச்சம் என்றதும் எனக்கு 2022 மார்ச் மாதக் கடைசிதான் நினைவுக்கு வருகிறது. 13 மணி நேர மின்வெட்டு. சமையல் காஸுக்கு வரிசை, டீசலுக்கு வரிசை. வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, லிஃப்ட் நின்றுவிட்டது. நாலாம் மாடியில் பருத்தித்துறை அம்மா ஒருவர் இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். பின்னேரம் ஐந்து மணியானால் பழப்புளி போட்டுக் காமாட்சி விளக்கை மினுக்குவார். பழைய வேட்டியில் கிழித்த துணியை உள்ளங்கையில் உருட்டித் திரி திரிப்பார். எண்ணெய் விலை ஏறிக் கிடந்த நேரம், ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் விடமாட்டார். நெருப்புப் பெட்டியை விளக்கின் வலப்பக்கம் வைப்பார், தினமும் அதே இடத்தில்.

ஒருநாள் அட்டவணைக்கு முன்னமே கரண்ட் போய்விட்டது. மூன்றாம் மாடியில் நான் மெழுகுதிரி தேடுகிறேன். போனில் சார்ஜ் இல்லை. மேசைக் காலில் முழங்கால் அடிபட்டது, அலுமாரிக்குள் கைவிட்டதில் ஒரு போத்தல் உடைந்தது. மேல்மாடியில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம். தடவித் தடவி ஏறிப் போனால், அந்த அம்மாவின் கதவு திறந்து கிடக்கிறது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் விளக்கடியில் கொப்பியோடு இருக்கிறார்கள். “அம்மா, இப்போ கரண்ட் போகுமென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “எனக்கென்ன தம்பி தெரியும்? இருட்டினாப் பிறகு திரி தேடினா இருட்டுக்குள்ளைதானே தேட வேணும். நெருப்புப் பெட்டி எங்கையெண்டு என்ரை கைக்குத் தெரியும்” என்றார்.

அன்றிலிருந்து ஆயத்தம் என்றால் எனக்கு அந்தக் கைதான். குழாயில் தண்ணீர் வரும்போது ஒரு சிவசிவ, பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் ஒரு சிவசிவ. ஆடிவேல் ரதம் நம் வாசலுக்கு எத்தனை மணிக்கு வருமென்று யாருக்கும் சரியாகத் தெரியாது; நிறைகுடம் மட்டும் முன்னமே வைத்துவிடுகிறோம் அல்லவா?

அந்தக் கைப்பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு எங்கே கொடுக்கிறோம்? இந்தக் கொட்டாஞ்சேனையில் பொன்னம்பல முதலியார் எழுப்பிய கோயிலை மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார்; 1902இல் அவர் பெயரில் சபை எழுந்தது, சமயப் பரீட்சைகள் நடந்தன. கல்லும் இருக்கிறது, சபையும் இருக்கிறது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அறநெறிப் பாடசாலை வாங்குகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பிள்ளைகள் டியூசனில். ஆறு நாள் படித்த பிள்ளையை ஏழாம் நாளும் கணக்குக்கே அனுப்புகிறோம். பெற்றோரைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறதென்ற பயம் எனக்கும் இருந்தது, என் மகனையும் அப்படித்தான் அனுப்பினேன். இன்று அவனுக்குத் தேவாரம் ஒன்று முழுதாக வராது. அந்த வேதனையோடுதான் பேசுகிறேன். பத்து வயதுப் பிள்ளையின் மனம் களம். இப்போதுதான் அங்கே காற்று வீசுகிறது. காற்றுள்ள போதே தூற்றிக்கொள்.

மற்ற இரண்டு படிகளையும் இன்னொரு நாள் விரிவாகப் பேசுவோம், பிள்ளைகளின் வில்லுப்பாட்டுக்கு நேரமாகிறது. உத்தியோகத்தர் அவர்களிடம் ஒரே விண்ணப்பம்: ஞாயிறு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு மணிவரை கொழும்பில் எந்தத் தனியார் வகுப்பும் நடக்கக்கூடாது. அதற்கான மனு வாசலில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. மூன்று மொழியிலும் அடித்திருக்கிறோம், பேனாவும் கட்டித் தொங்குகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வணக்கம்.